கிருமி வாங்குற கைமாத்து

வாய்யா பேராண்டி! நாலு தும்மல் தும்மிட்டு, மெடிக்கல் கடைக்காரரையே டாக்டராக்கி, சிப்ரோ மாத்திரை வாங்கிட்டு வந்துட்டியாமே. கெட்டிக்காரன்தான்! சளி வைரஸால வர்றது. அந்த மாத்திரை பாக்டீரியாவுக்கு உள்ளது. தும்முனது மூக்கு, அடி வாங்குறது வயித்துக்குள்ள செவனேன்னு கெடந்த பாக்டீரியா. நல்ல நியாயம்யா.

"செத்தாச் சாகட்டும் தாத்தா"ங்குற. எல்லாம் செத்துட்டாத்தான் பரவாயில்லையே! அதுக உன்னைய மாதிரி அப்பன் எழுதி வைக்கட்டும்னு காத்துக் கெடக்குறதில்ல. அப்பன் சொத்து போதலைன்னா அக்கம்பக்கத்துல கைமாத்து வாங்கும். பணமில்லய்யா, மரபணு! சொந்த பந்தம்னு பாக்காது. குடுத்தவனுக்கும் பெரும்பாலும் நட்டமில்ல, நகல் எடுத்துல்ல குடுக்கான்!

காலராக் கிருமியவே எடுத்துக்க. ஊரூராக் கிணத்துக்கு பிளீச்சிங் பவுடர் போட்ட கை இது, அதனால சொல்றேன். ஆளை வயித்தாலடிச்சே சாய்க்கிற நஞ்சு இருக்கே, அதுக்கான மரபணு கிருமிக்குப் பொறப்புச் சொத்து இல்ல. சிடிஎக்ஸ் ஃபைங்குற வைரஸ் கொண்டாந்து சொருகுனது. வால்டோர், மெக்கலானோஸ்னு ரெண்டு பேரு 1996ல எழுதி வச்சாக. வேடிக்கையக் கேளு: குடல்ல குடியேற கிருமி பொடிப்பொடியா மயிரு வளக்குது. அந்த மயிரைப் பிடிச்சுத்தான் வைரஸு உள்ள ஏறுது. கண்ணாடிக் குழாய்ல நடந்ததைவிட எலிக்குடலுக்குள்ள இந்தக் கைமாத்து ஜரூரா நடந்துச்சாம்.

சீமைக் கதைன்னு கொட்டாவி விடாத. 1992 கடைசியில நம்ம மெட்ராஸ்லயே ஒரு காலரா கெளம்புச்சு. அதுக்கு முந்தி, மேல்பூச்சுல உள்ள சர்க்கரைய வச்சு அந்தக் கிருமிய 138 வகையாப் பிரிச்சிருந்தாக. கொள்ளை நோயாப் பரவுறது ஓ1 ஒண்ணுதான்னு நெனப்பு. வந்தது ஓ139. ஆளு பழைய ஆளுதான். மேல்பூச்சுக்கான மரபணுக் கொத்தை மட்டும் வேற வகைகிட்ட வாங்கி மாத்திக்கிட்டு வந்துருக்கு. பழைய காலராவுக்கு எதிர்ப்புச் சக்தி வச்சிருந்த பெரிய மனுசங்களும் தப்பல. கல்கத்தா, பங்களாதேஷ்னு போயிருச்சு.

அதே மெட்ராஸ் கிருமிகிட்டதான் எஸ்எக்ஸ்டிங்குற நகரும் மரபணுத் துண்டையும் கண்டுபிடிச்சாக. சல்ஃபா, டிரைமெத்தோபிரிம், குளோரம்பெனிக்கால், ஸ்ட்ரெப்டோமைசின்னு நாலு மருந்துக்கும் ஒரே துண்டுல எதிர்ப்பு! சாதாரணமா இது குரோமோசோமுக்குள்ள சத்தமில்லாமக் கெடக்கும். செட்ஆர்னு ஒரு புரதம் அதை அமுக்கி வச்சிருக்கும். சிப்ரோ மாதிரி மருந்து பட்டு டிஎன்ஏ சேதமானதும், கிருமி பதறியடிச்சுப் பழுது பாக்க எறங்கும். அந்தக் கலவரத்துல செட்ஆர் அறுபட்டுப் போகும். துண்டு கழண்டு அடுத்த கிருமிக்குப் பாயும். 2004ல சோதனை பண்ணியே காட்டிட்டாக. கொல்லணும்னு போட்ட மருந்தே கைமாத்துக்குத் தரகு பாக்குது. தரகுக் கூலி மட்டும் உன் சட்டைப் பையிலருந்து!

உன் வயித்துல எஸ்எக்ஸ்டி இருக்குன்னு நான் சொல்லல. ஆனா இந்த மாதிரி துண்டு துக்காணி உலகத்துல கணக்குவழக்கில்லாம அலையுது. மருந்தைத் தாங்குற மரபணு எவன்கிட்ட இருந்தாலும், மத்தவன் செத்த எடத்துல அவன்தான் பெருகுவான். நாளைக்கு நெசமாவே பாக்டீரியா காய்ச்சல் வந்து படுத்தேன்னா, மருந்து கேக்காமப் போகலாம்.

அதனால டாக்டர் எழுதாம வாங்காத. எழுதுனா, சொன்ன நாள் வரைக்கும் முழுங்கு. மிச்சத்தை எடுத்து வச்சு மச்சானுக்கு வைத்தியம் பாக்காத. வயித்தால போச்சுன்னா முதல்ல உப்பு சர்க்கரைக் கரைசல், அப்புறம் ஆசுபத்திரி. தண்ணியக் காச்சிக் குடி; சோத்துல கை வைக்குமுன்ன சோப்புப் போடு. வயித்துக்குள்ள நொழையாத கிருமி அங்க எவன்கிட்டயும் கைமாத்து வாங்க முடியாதுல்ல?

தாத்தன் பத்து ரூவா கேட்டா ஆயிரம் கணக்குக் கேக்குற நீ, முகந்தெரியாத கிருமிக்கு மட்டும் இப்பிடி வாரி வழங்குறியே! அடுத்த தும்மலுக்கு மாத்திரைக் காசை என் கையில குடு. சுக்குக் காப்பி போட்டு நான் குடிக்கேன். சளி உனக்குத் தானாப் போகும்.