யுங்ஃப்ராவில் நாலாவது சீட்

மும்பையை அடுத்த டோம்பிவிலி கிழக்கில் தடுக்கி விழுந்தால், ஐரோப்பா போய்வந்த ஒரு மாமாவின் காலடியில்தான் விழ வேண்டும். பேங்கிலோ சர்க்கார் ஆபீஸிலோ முப்பது சொச்ச வருஷம் குப்பை கொட்டி ரிட்டையர் ஆனவர். அவர் குடும்பத்தோடு மட்டும் போகிற ஜாதி இல்லை. ட்ரெயின் குரூப்போடு போவார்.

ட்ரெயின் குரூப் என்றால் காலை ஃபாஸ்ட் லோக்கலில் ஒரே டப்பா, ஒரே வாசல், ஒரே சீட்டுக்கட்டு. மாமாவைத் தவிர ஒரு பாலக்காட்டுக்காரர், ஒரு மராட்டிக்காரர், ஒரு குஜராத்தி. மனைவிமாரும் உண்டு. ரோம் ஏர்போர்ட்டில் டூர் பஸ் ஏறியதுமே அவர்கள் முன் வரிசைகளைப் பிடித்துவிட, லேடீஸ் டப்பா தானாகவே உருவாகிவிட்டது.

ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ. விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. போதாததற்கு 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ். மாமா அதை நூறால் பெருக்கிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. "இவ்வளவு விலை போற உடம்பையா இத்தனை வருஷம் மும்ப்ராவுக்கும் கல்வாவுக்கும் நடுவுல கம்பியில தொங்கவிட்டிருந்தேன்?"

சுவிஸ் ரயிலில்தான் மாமாவின் முழு சொரூபம் தெரியும். பெட்டி முக்கால்வாசி காலி. ஒரு வெள்ளைக்காரப் பாட்டி ஏறினாள். நம் லோக்கலில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் பழகிய இடுப்பு, மாமாவைக் கேட்காமலே நகர்ந்தது. நாலு விரற்கடை இடம் விட்டு, "பைட்டியே, பைட்டியே" என்றார். பாட்டி சிரித்து நன்றி சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்கே போய்விட்டாள். இன்டர்லாக்கனுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்பே எழுந்து வாசலுக்குப் போய், எதிரே சும்மா நின்ற ஜெர்மன்காரரிடம் "உதர்னா ஹை க்யா?" என்றார். ஞாயிற்றுக்கிழமையானால் கைடிடம் முதல் கேள்வி: "இன்னிக்கு லைன் ரிப்பேர், மெகா பிளாக் எதுவும் இல்லையே?"

யுங்ஃப்ராயோக், 3,454 மீட்டர். ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம், 1912-இல் திறந்தது என்று கைடு பெருமையாகச் சொன்னாள். மாமா விடுவாரா? "போரிபந்தர்லேர்ந்து தாணேக்கு நாங்க 1853-லயே விட்டாச்சு." விட்டது வெள்ளைக்காரன் என்பதை மராட்டிக்காரர் நினைவூட்டப் பார்த்தார்; மாமாவுக்கு அப்போது பனிக்காற்றில் காது அடைத்திருந்தது.

நால்வருக்கும் ஒரு சங்கடம் இருந்தது. எதிரெதிராக, முழங்கால் இடிக்காமல், சத்தமே இல்லாத பெட்டியில் உட்கார்ந்தால் பேச்சு வரவில்லை. அவர்கள் நட்பு முழுக்கக் கூச்சலுக்கு மேலே கத்தி வளர்ந்தது. கடைசியில் குஜராத்தி சீட்டுக்கட்டை எடுத்த பிறகுதான் எல்லாருக்கும் உயிர் வந்தது; பெட்டியில் இருந்தவர்களுக்குப் போயிற்று.

பாரிஸ் மெட்ரோவில் மாலை நெரிசலைப் பார்த்ததும் மாமாவுக்கு முகத்தில் ஒரு தேஜஸ். "உள்ளே போகாதீங்கோ! எதிர்ப்பக்க வண்டியில முதல் ஸ்டேஷனுக்கு ரிட்டர்ன் போய், உட்கார்ந்துண்டே வரலாம்" என்றார். நின்றபடி போனால் பத்து நிமிஷம். உட்கார்ந்துகொண்டு வர முக்கால் மணி ஆயிற்று. எட்டுப் பேரும் மகா திருப்தி.

இறங்கிய இடம் லா ஷப்பல். கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பின்னால், ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. ஈஃபிலைப் பார்த்தபோதுகூட வராத பரவசம் தோசைக்கல் சத்தத்தில் வந்தது. தட்டு வைக்க வந்த கடைக்காரர் கேட்டார்:

"எங்கயிருந்து ஐயா வாறியள்?"

"டோம்பிவிலி."

"அது எந்த நாடு?"

மாமா தோசையைக் கீழே வைத்தார்.

"செண்ட்ரல் லைன். தாணேக்கு அப்புறம், கல்யாணுக்கு முன்னாடி. ஸ்லோ, ஃபாஸ்ட் ரெண்டும் நிக்கும்."