கலன்புகு இயல்

ஆய்வகம் பிறந்தவை அடுப்படி புகுதல்
வழுவன்று வழக்கே என்மனார் பெண்டிர்.

உரை: இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், பீக்கர், சிரிஞ்சு, பிளாஸ்க் முதலியன பிறந்தகம் விட்டுப் புக்ககம் சேருமாறு உணர்த்துதல் நுதலிற்று. நூற்பாவும் உரையும் ஒரே ஆள் எழுதியதால் பாடபேதச் சண்டைக்கு இங்கே இடமில்லை.

ஆய்வுக்களம், 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிழலில் வாழும் சிதம்பரமும், ரசாயன ஆலைகள் நிறைந்த சிப்காட்டைத் தெற்கே வைத்துக்கொண்டிருக்கும் கடலூரும். வேதியியல் படித்தவர் தடுக்கி விழும் தூரத்தில் கிடைக்கும் ஊர்கள் இவை.

புக்ககம் சென்றவற்றுள் தலைமகள் பிளாஸ்க். 1892-இல் ஜேம்ஸ் டூவர் இதைச் செய்தது காப்பிக்காக அல்ல. திரவமாக்கிய வாயுக்கள் கொதித்து ஓடிவிடாமல் இருக்க. இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம், உள்ளே வெள்ளிப்பூச்சு. வெப்பம் கடத்தவும் வழியில்லை, கதிராய்த் தாவவும் வழியில்லை. ஆறே ஆண்டில் அவர் ஹைட்ரஜனையே திரவமாக்கினார். அது கொதிப்பது மைனஸ் 253 டிகிரியில். காப்புரிமை மட்டும் வாங்க மறந்தார். 1904-இல் ஜெர்மனியில் தெர்மாஸ் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டூவர் வழக்குப் போட்டுத் தோற்றார். இன்று அண்ணாமலைநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் குடும்பத்தில், நோயாளி ஆட்டோவில் ஏறுமுன் எழும் முதற்குரல், "பிளாஸ்க்க எடுத்துக்கிட்டியாடி?" என்பதே. மருத்துவச் சீட்டைப் பற்றிய கேள்வி பிறகு வரும். அவ்வெற்றிடம் உள்ளே வைத்தது குளிரா சூடா என்று பார்ப்பதில்லை. காப்பியும் ஹைட்ரஜனும் அதற்கு ஒன்றுதான்.

அடுத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சு. தையல் மிஷினுக்கு எண்ணெய் விட, பிரிண்டருக்கு மை ஏற்ற, கூட்டிலிருந்து விழுந்த அணில்குஞ்சுக்குப் பால் புகட்ட. நான்காவது பயனைப் பிள்ளைகள் கண்டுபிடித்துள்ளனர். அதன் விளைவுகள் சுவரில் உள்ளன. தொட்டியில் மீன் வளர்ப்போருக்குப் பிப்பெட், தபால்தலை சேர்ப்போருக்கு இடுக்கி. இவற்றை விரிக்கின் பெருகும்.

இனி விலக்கு விதி:

அமிலம் கண்ட கலன் மோர் காணாது.

இதற்கு உரை வேண்டா. ஆனாலும் சொல்கிறேன்: ஆய்வகத்தில் உழைத்த கண்ணாடியை எத்தனை முறை விளக்கினாலும் வாயருகே கொண்டுபோகக் கூடாது. பணியோய்வு பெற்ற பீக்கருக்கு மணிபிளான்ட் வளர்க்கும் உத்தியோகம் போதும். சமையலுக்கு வேண்டுமாயின் கடையில் புதிதாய் வாங்குக.

'ஆய்வகமே வீட்டுக்குக் கடன்பட்டது' என மறுப்பார் உளர். அவர் காட்டும் சான்று ஆரத்தித் தட்டு. மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறது. குர்குமின் காரத்தில் நிறம் மாறுவதே காரணம். இதே மஞ்சளைத் தாளில் தோய்த்து நிறங்காட்டியாக ஆய்வகங்கள் பயன்படுத்தின. புதுமணத் தம்பதிக்கு வாசலில் காரச் சோதனை நடத்தித்தான் உள்ளே விடுகிறோம் என்று இவர்கள் வாதிட்டால், மறுமொழி என்னிடம் இல்லை.

எஞ்சியது அளவை. சிதம்பரம் கொத்சுக்கு நீரைப் பீக்கரில் அளந்து ஊற்றும் இளம் வேதியியலார் சிலர், ஆழாக்கைப் பழிக்கின்றனர். பீக்கரின் மேலுள்ள கோடுகள் பொதுவாக ஐந்து விழுக்காடு முன்பின் இருக்கக்கூடியவை. துல்லியம் வேண்டும் வேதியியலார் பிப்பெட்டையும் பியூரெட்டையும்தான் தேடுவர். சரி, நீர் அளந்தாயிற்று, புளி? 'எலுமிச்சை அளவு'. எந்த எலுமிச்சை என்று மாமியாரிடம் கேட்கும் துணிவு வேதியியலார்க்கு இன்னும் வரவில்லை.