பத்துப் பேரைக் காட்டிட்டுப் பல்லைக் காட்டாதே

அடே பேராண்டி, பெங்களூர் கம்பெனிக்கு ஆரணியில உக்காந்துகினே வேலை பாக்கறியாமே. நல்லதுதான், பஸ் காசு மிச்சம். ஏதோ ஏபிஐ கருவிக்கு டாக்குமெண்டேஷன் எழுதறேன்னு ராத்திரியெல்லாம் லைட்டை எரிக்கிறியே, அதைக் கொஞ்சம் எனக்கும் படிச்சிக் காட்டேன். கெழவனுக்கு இன்னா தெரியும்னு பாக்கறியா? ஒண்ணும் தெரியாதவனுக்குப் புரிஞ்சாத்தானே அது எழுத்து?

"தடையற்ற, வலிமைமிக்க, அடுத்த தலைமுறைத் தொடர்பு மேலாண்மை அனுபவம்." இது மொதல் வரி. யப்பா! இதுல எந்த வார்த்தையை அமுக்கினா போல்டர் தெறக்கும்?

நான் சொல்றேன், தப்புன்னா திருத்து. அவுட்லுக் வெச்சிருக்கறவன் தனக்குத் தெரிஞ்ச ஆளுங்க பேரு, நம்பரையெல்லாம் போல்டர் போட்டு வெச்சிக்கிறான். போல்டருக்குள்ள இன்னொரு போல்டர். அதை வெளியிலருந்து பாக்கறதுக்கு மைக்ரோசாஃப்ட்காரன் ஒரு வாசல் வெச்சிருக்கான். 2015ல அதுக்கு கிராஃப்னு பேரு வெச்சான். அங்க போயி 'கான்டாக்ட் போல்டர்ஸ்'னு கேட்டா மேல இருக்கற போல்டருங்க வரும். அதுல ஒண்ணோட ஐடியைக் குடுத்து 'சைல்ட் போல்டர்ஸ்'னு கேட்டா அதுக்கு அடுத்த தட்டு வரும். அவ்ளோதானே? இதுக்கு எதுக்குடா அனுபவம், தலைமுறையெல்லாம்?

நம்ம ஊரு பட்டு முதலாளி ஒருத்தரு இதை வெச்சிருக்காருன்னு வெச்சிக்கோ. மேல மூணு போல்டர்: 'தறிக்காரர்', 'சரக்கு', 'வெளியூர்'. தறிக்காரருக்குள்ள தேவிகாபுரம், முள்ளிப்பட்டு. சரக்குக்குள்ள பட்டு நூலுக்குப் பெங்களூர், ஜரிகைக்கு சூரத்து. வெளியூருக்குள்ள சேலை வாங்கற கடைக்காரனுங்க: சென்னை, பெங்களூர். சென்னைக்குள்ள தி.நகர். தி.நகருக்குள்ள 'பாக்கி வெச்சவங்க'. மனுசன் எதைத் தேடுவாருன்னு நினைக்கிறே? நாலாவது தட்டுல கீற அந்த போல்டரைத்தான்.

நீ இன்னா எழுதி வெச்சிருக்கே? "முழுப் படிநிலையையும் எளிதாக உலாவலாம்"னு. எங்கடா உலாவறது? சைல்ட் போல்டர்ஸ்னு கேட்டா ஒரே ஒரு தட்டுதான் எறங்கும். வெளியூரைக் கேட்டா சென்னை வரும், தி.நகர் வராது. சென்னையோட ஐடியை எடுத்து இன்னொரு தபா கேக்கணும். அப்புறம் தி.நகரோடது. நாலு தபா கதவைத் தட்டினா பாக்கி போல்டர் கண்ணுல படும். அஞ்சாவது தபாதான் ஆளுங்க பேரு. "ஒரு நேரத்தில் ஒரு தட்டு மட்டும், கீழே போக வேண்டுமானால் ஒவ்வொரு தட்டுக்கும் திரும்ப அழைக்கவும்"னு எழுதினா உன் கருவிக்கு மானம் போயிடுமா?

அதுலயும் பாரு, பெங்களூர்னு ரெண்டு கீது. ஒண்ணு நமக்கு நூலு விக்கறவன், இன்னொண்ணு நம்மகிட்ட சேலை வாங்கறவன். 'டிஸ்ப்ளே நேம்' ரெண்டுக்கும் ஒண்ணுதான். பேரை வெச்சித் தேடுன்னு நீ சொல்லிக் குடுத்தா, தான் பணம் குடுக்க வேண்டிய நூல்காரனுக்கே போன் போட்டுப் பணம் கேப்பாரு முதலாளி. ஐடியை வெச்சிக் கேளுன்னு எழுது. அது நீளமாத்தான் இருக்கும், வாயில நுழையாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் ஒத்துக்காது. ஒவ்வொரு போல்டருக்கும் 'பேரன்ட் போல்டர் ஐடி'ன்னு ஒண்ணு வருது பாரு, எந்த பெங்களூர்னு அதைப் பாத்தாத் தெரியும். அதை நீ பட்டியல்ல கடைசியில, ஒரு விளக்கமும் இல்லாம போட்டு வெச்சிருக்கே.

இன்னொண்ணு. ஒரு ஆளை தி.நகர்லருந்து எடுத்து பாக்கி போல்டர்ல போட்டா, அந்த ஆளோட ஐடியே மாறிப்பூடும். மாறாத ஐடி வேணும்னா கேக்கறப்பவே தனியாச் சொல்லிக் கேக்கணும். உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சும் எழுதலை. படிக்கறவன் தானாக் கண்டுபிடிச்சித் திட்டட்டும்னு வுட்டுட்டியா?

இப்ப தறிக்கு வா. 1804ல ஜக்கார்டுன்னு பிரெஞ்சுக்காரர் ஒருத்தரு துளை போட்ட அட்டையை வெச்சித் தறியை ஓட்டினாரு. அதைப் பாத்துத்தான் பாபேஜ்னு வெள்ளைக்காரர் தன்னோட கணக்கு யந்திரத்துக்கும் அட்டை வெக்க நினைச்சாரு. அதனால உன் கம்ப்யூட்டர் தொழிலுக்குத் தறிக்காரன் நான் தூரத்துச் சொந்தம், முறைக்காதே. தறி மேல தொங்கற அட்டைங்களை நூலால ஒண்ணோட ஒண்ணு கோத்து, ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டிருக்கும். எதுக்கு? நூலு அறுந்தா எதுக்கப்புறம் எதுன்னு தெரியணுமே. ரெண்டு அட்டை வுட்டுப்போனா முந்தியில மயிலுக்குக் கழுத்து இருக்காது.

கிராஃபும் அப்பிடித்தான் கோத்துக் குடுக்குது. எத்தினி பேரு வேணும்னு நீ சொல்லலைன்னா மொதல்ல பத்துப் பேரைத் தரும். மிச்சம் இருந்தா 'நெக்ஸ்ட் லிங்க்'னு ஒரு முகவரியும் கூட வரும். அதை ஒரு எழுத்து மாத்தாம அப்பிடியே திரும்பக் கேக்கணும். அந்த லிங்க் வராம நிக்கற வரைக்கும் கேட்டுகினே இருக்கணும். உன் பத்துப் பக்கத்துல இதைப் பத்தி ஒரு வரி கீதா? பாக்கி வெச்சவன் முப்பது பேருன்னா கருவி பத்துப் பேரைக் காட்டும். மிச்ச இருவது பேரும் நம்ம காசுல தீபாவளி கொண்டாடுவான்.

அனுமதி விசயம் வேற. சும்மா பாக்கறதுக்கு 'கான்டாக்ட்ஸ் ரீட்' போதும். நீ 'ரீட்ரைட்' வாங்கச் சொல்லி எழுதியிருக்கே. பாக்க வந்தவனுக்கு அழிக்கற உரிமை எதுக்குடா? "பின்னாடி தேவைப்படலாம்"னா பின்னாடி கேட்டுக்கோ.

போல்டர் காலியா இருந்தா காலிப் பட்டியல் வரும், அது தப்பில்ல. 404 வந்தா ஐடி தப்பு. 429 வந்தா நீ ரொம்ப அவசரப்படறே, எவ்ளோ நேரம் பொறுக்கணும்னு அதுவே சொல்லும். இதை மூணு வரியில போடு. ஒண்ணுமில்லங்கறதும் ஒடைஞ்சிப் போச்சுங்கறதும் வேற வேறன்னு தெரியாமத்தான் பாதிப் பேரு ராத்திரி முழிச்சிகினு கெடக்கறான்.

இதுக்கு மேல ஒரு கூத்து. 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக்னு கம்பெனி ஒண்ணு எம்சிபின்னு ஒரு முறையைக் கொண்டாந்துச்சாம். அதுல ஏஐ மிஷினே உன் கருவியோட விளக்கத்தைப் படிச்சி, எதைக் கூப்புடலாம்னு முடிவு பண்ணுமாம். ஆக நீ அடுக்கற "தடையற்ற", "வலிமைமிக்க"வைப் படிச்சி மயங்கறதுக்கு அங்க மனுசனே இல்ல! மேல் தட்டைத் தர்ற கருவிக்கும் உள்தட்டைத் தர்ற கருவிக்கும் நீ ஒரே விளக்கத்தை ஒட்டி வெச்சிருக்கே. மிஷின் இன்னா பண்ணும்? மேல் தட்டையே பாத்துட்டு, "பாக்கி வெச்சவங்க யாரும் இல்லீங்க"ன்னு முதலாளிகிட்ட மரியாதையாச் சொல்லும். "போல்டர் ஐடி கட்டாயம், அது இல்லன்னா மொதல்ல மேல் தட்டைக் கேள்"னு உள்தட்டுக்காரன் விளக்கத்துல ஒரு வாக்கியம் போதும்.

இப்ப ஒண்ணு பண்ணு. தச்சூர் இஞ்சினியரிங் காலேஜ்ல மொத வருசம் படிக்கற புள்ளை யாராவது நம்ம தெருவுல இருக்கும். எழுதினதை அச்சடிச்சி அது கையில குடு. பாக்கி வெச்சவங்களைக் கண்டுபிடின்னு சொல்லிட்டு எதிர்ல உக்காரு. வாயைத் தெறக்காதே. "அது இன்னான்னா"ன்னு ஆரம்பிச்சே, அந்த 'இன்னான்னா' தாள்ல இல்லன்னு அர்த்தம். அது எங்க முழிக்குதோ அங்க பென்சிலால ஒரு கோடு போடு. கோடு போட்ட எடத்தை மட்டும் திருப்பி எழுது. அட்டைப் படத்துக்கு எந்த நீலம் போடலாம்னு மூணு பேரு மீட்டிங் போடறீங்களாமே, அதை அப்புறம் வெச்சிக்கலாம்.