தாள் நிற்பதா, கிடப்பதா? பகிர்வுப் பட்டியல் அச்சியல் குறித்து ஓர் ஆராய்ச்சி

பலருக்கும் பகிர்ந்த கணக்குத் தாளிலிருந்து அறிக்கையை அச்செடுக்கும்போது, பக்கத்தை நெட்டுவாக்கில் நிறுத்துவதா, படுக்கைவாக்கில் கிடத்துவதா என்பது அலுவலகங்களில் தீராத வழக்கு. கடைசி நெடுவரிசையாகிய ‘குறிப்பு’தான் இதைத் தீர்க்கவல்லது என்பதும், தீர்ப்பு படுக்கைக்கே என்பதும் எம் துணிபு. ஏ4 தாள் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். கிடத்தினால் அகலத்தில் 87 மி.மீ. லாபம், ‘குறிப்பு’ குடியிருப்பது அங்கேதான். எக்செல் யாரும் சொல்லாவிட்டால் தாளை நிறுத்தியே அச்சிடும். வ.எண், பெயர், கைப்பேசி, தேதி, தொகை எல்லாம் முந்திக்கொண்டு இடம்பிடிக்க, ‘குறிப்பு’ மட்டும் தனித் தாளில் வந்து விழும். அதில் மேலிருந்து கீழாக ‘நிலுவை’, ‘பேசியாச்சு’, ‘திங்கள் தருவார்’, ‘போன் எடுக்கல’ என்றிருக்கும். திங்களன்று தரப்போகிறவர் யாரென்பது முந்தைய தாளுக்கே வெளிச்சம். உயரம் போதாமல் அடுத்த பக்கத்துக்குப் போகும் கிடைவரிசையோ தன் பெயரையும் தொகையையும் கூட்டிக்கொண்டே போகிறது. தலைப்பு வரியைப் பக்கந்தோறும் அச்சிடச் சொல்லிவிட்டால் அதற்கு ஒரு குறையுமில்லை. உயரத்தை இழக்கலாம், அகலத்தை இழக்கலாகாது என்பது இதனால் பெறப்படும்.

அஃதேல், எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கச் சொன்னால் ஆயிற்றே எனின், ஆகாது. எக்செல் 10 விழுக்காடு வரைக்கும் சலிக்காமல் சுருக்கித் தரும். படிக்க வேண்டியது அதுவல்லவே. 11 புள்ளி எழுத்து 60 விழுக்காட்டிலேயே 6.6 புள்ளியாகி, மாத்திரை அட்டையின் பின்பக்கம்போல் ஆகிவிடுகிறது. வேண்டாத நெடுவரிசைகளை நீக்கலாமே எனின், அது பகிர்வின் இயல்பு அறியாதார் கூற்று. கூகுள் ஷீட்ஸில் புதுத் தாள் 26 நெடுவரிசைகளோடு திறக்கிறது. திருத்தும் உரிமை பெற்றோர் ஆளுக்கொன்றை நிரப்புவர். யார் சேர்த்ததோ, எதற்கோ என்று அஞ்சி எவரும் அழிப்பதில்லை. ‘குறிப்பு-2’ பிறப்பது இப்படித்தான்.

இரண்டு தாளையும் செல்லோடேப்பால் ஒட்டிவிடுவது மூன்றாம் மரபு. இதை இகழ்வது அறிவுடைமை ஆகாது. பக்கங்கள் ஒன்றுக்கு ரூட் 2 என்ற விகிதத்தில் இருந்தால் தாளைப் பாதியாக்கினாலும் அவ்விகிதம் மாறாது என்பதை ஜெர்மானிய அறிஞர் லிஷ்டன்பெர்க் 1786-இலேயே கடிதத்தில் எழுதினார். 1922-இல் ஜெர்மனி அதைத் தர அளவாக்கியது. அதன்படி, நிற்கும் ஏ4 இரண்டைப் பக்கம்பக்கமாக ஒட்டினால் கிடைப்பது பிசிறில்லாத ஏ3, அதுவும் படுத்த ஏ3. ஆக, ஒட்டுவோரும் எம் கட்சியினரே. டேப் செலவு மட்டும் அவர்களுடையது.

இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்தானே, தாள் ஏது என்பாரும் உளர். நிற்கும் கைப்பேசியில் விரலால் விரித்துத் ‘தொகை’யைப் பிடித்தால் ‘பெயர்’ திரையைவிட்டு ஓடுகிறது. அவரும் கருவியைக் கிடத்தித்தான் பார்க்கிறார்.

வலுவான மறுப்பு ஒன்றே: கோப்பில் டேக் கோத்துக் கட்டிய பின், படுத்த தாளைப் படிக்கக் கோப்பையே திருப்ப வேண்டியிருக்கிறது. உண்மை. தலைப்பு கட்டின் பக்கம் இருக்க வேண்டுமா, எதிர்ப்பக்கமா என்பதில் துளை போடுகிறவர் ஒரு கட்சி, கையெழுத்துப் போடுகிறவர் இன்னொரு கட்சி.