சார்ஜில் இருக்கிற பிள்ளை

பரந்தனில் இருந்து வவுனியா வரைக்கும் ஏ9 வீதியில் எந்த ஊரில் இறங்கினாலும் அவனைக் காணலாம். அறிவியல் நகரில் படித்துக்கொண்டிருப்பான், அல்லது படித்து முடித்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பான், அல்லது தகப்பனின் உழவு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருப்பான். ஒரு காதில் வெள்ளையாக ஏதோ முளைத்திருக்கும். மற்றது வெறுங்காது. அதை ஸ்டைல் என்று நினைக்கிறவர்கள் வெளியூர்க்காரர். மற்றதுக்குச் சார்ஜ் ஏறவில்லை, அவ்வளவுதான். பெண்பிள்ளைகளிடமும் இந்த வயரில்லாப் பட்ஸ் உண்டு. ஆனால் அவர்களுக்கு இரண்டு காதுக்கும் சேர்த்துச் சார்ஜ் போடத் தெரியும் என்பதால் இந்தச் சித்திரத்துக்குள் வரமாட்டார்கள்.

வயர் இல்லை, கரைச்சல் இல்லை என்று சொல்லித்தான் அதை வாங்கினான். வயர் வைத்த ஹான்ட்ஸ்ஃப்ரீ இருந்த காலத்தில் வயல், குளக்கட்டு, கடற்கரை என்று எங்கும் போய் வந்தவன், இப்போது சுவரில் துளை இருக்கிற இடங்களுக்கு மட்டும் போகிறான். கலியாண வீட்டில் பொம்பிளை மாப்பிளையைப் பார்க்க முதல் பிளக் பொயின்ற் எங்கே என்று பார்த்துவிடுவான். மேளக்காரருக்குப் பின்னால் ஒன்று, சாப்பாட்டு மண்டபத்தில் மீன்குழம்புக்குப் பக்கத்தில் ஒன்று. இரண்டாவது நல்லது, காவல் காக்கிறபோது பசிக்காது.

சொந்தக்காரர் வீட்டில் படலையைத் திறக்கும்போதே கேள்வி வந்துவிடும்.

"மாமி, சின்னதா ஒரு சார்ஜ் போடலாமோ?"

மாமி தேத்தண்ணி வேணுமோ என்று கேட்க வாய் திறந்திருப்பா. அதற்குள் அவன் சுவரோடு நிற்பான். கையில் இருப்பது இரட்டைமுள் சார்ஜர், மாமி வீட்டில் இருப்பது மூன்று சதுரத் துளை. மேல் துளைக்குள் பேனையின் பின்பக்கத்தைக் குத்தி, கீழ்த் துளைகளைத் திறக்க வைத்து, இரட்டைமுள்ளை உள்ளே தள்ளுகிற அந்தக் கைவேலையை எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக் கொடுக்கவில்லை. நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். இருபது ரூபாய்ப் பேனைக்கு மின்சாரத்தின் மேல் ஒரு அதிகாரமும் இல்லை.

முல்லைத்தீவில் பெரியம்மா வீட்டில் துளை ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. பிரிஜ்ஜின் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தன் பட்ஸ் பெட்டியைச் செருகிவிட்டுப் படுத்தான். விடிய, பட்ஸ் நூறு வீதம். விளைமீன் நாறிப்போயிருந்தது. பெரியம்மா கத்தவில்லை. "வற்றாப்பளையில அம்மாளுக்குக் கடல் தண்ணியில விளக்கெரியுது. உனக்கு மட்டும் என்ர பிரிஜ்ஜிலதான் எரியோணுமோ?" என்று கேட்டுவிட்டு மீனைத் தாட்டா.

அந்தப் பெட்டியை அவன் சும்மா வைத்திருப்பதில்லை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நின்று, எல்லாரும் கச்சான் வாங்கி, தேங்காய் உடைத்து வருகிறவரைக்கும் மூடியைத் திறப்பதும் 'டிக்' என்று மூடுவதுமாக இருப்பான். உள்ளே ஒரு சின்ன வெளிச்சம். பச்சை என்றால் ஒன்று, செம்மஞ்சள் என்றால் இன்னொன்று, மினுங்கினால் வேறொன்று. கம்பனிக்குக் கம்பனி அர்த்தம் மாறும். சாத்திரியார் குறிப்பை விரித்துவைத்துக் கிரகம் சொல்வதுபோல அவன் அந்த வெளிச்சத்தைப் பார்த்து, "இன்னும் ஒண்டரை மணித்தியாலம் தாங்கும்" என்பான். அது மாங்குளத்திலேயே செத்துப்போகும்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. காதுக்குள் இருக்கும் ஒன்றில் 40, 50 மில்லி அம்பியர் மணி. பெட்டிக்குள் 400, 500. போனில் 5000. பட்ஸுக்குப் பெட்டி கொடுக்கிறது, பெட்டிக்குப் பவர் பாங்க் கொடுக்கிறது, பவர் பாங்குக்கு மாமி வீடு கொடுக்கிறது. மாமி வீட்டுக் கரண்ட் பில்லில் அது கண்ணுக்கே தெரியாது. மாமிக்கு அந்தக் கணக்குத் தெரியாது, தெரிந்த அவன் சொன்னாலும் அவ நம்பமாட்டா.

ஒரு காது மட்டும் ஏன் ஏறுவதில்லை? பட்ஸின் அடியிலும் பெட்டியின் குழியிலும் பொட்டுப்போல உலோகப் புள்ளிகள் உண்டு. இரண்டும் தொட்டால்தான் கரண்ட் பாயும். காதுக் குறும்பியும் வேர்வையும் வன்னியின் செம்மண் புழுதியும் சேர்ந்து அதன்மேல் ஒரு பூச்சுப் பூசியிருக்கும். காய்ந்த பஞ்சால் துடைத்தால் ஒரு நிமிட வேலை. அவன் துடைக்கமாட்டான். "எங்கட பக்கம் வோல்ற்றேஜ் குறைவு" என்பான். எப்படித் துடைப்பது என்று ஒரு வீடியோவை எடுத்தும் வைத்திருக்கிறான். அதைக் கேட்பதற்குப் பட்ஸ் சார்ஜ் ஏற வேண்டும்.

சித்திரை வெயிலில் பெட்டியை உழவு இயந்திரத்தின் மட்காட்டில் வைத்துவிட்டு வயலுக்குள் இறங்குகிறவனும் அவன்தான். லிதியம் பற்றரிக்குச் சூடு ஆகாது. சூட்டில் கிடந்து கிடந்து அதன் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். பிறகு கம்பனிக்காரனைத் திட்டுவான்.

வீட்டில் இருக்கும் அப்பப்பாவுக்கு இதையெல்லாம் பார்க்கக் கொதி வரும். "உங்களுக்குக் காதுக்கும் கரண்ட் வேணுமாம்" என்று தொடங்குவார். ஆனால் அப்பப்பாவின் சரித்திரத்தையும் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். போர்க்காலத்தின் பெரும்பகுதியில் வவுனியாவுக்கு வடக்கே தேசிய மின்வலையின் கரண்ட் கிடையாது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் ரோர்ச் பற்றரியும் இருந்தது. செத்த பற்றரியை எறிந்த வீடு இல்லை. வெயிலில் காயவைத்து, திருப்பிப் போட்டு, இன்னும் ஒரு செய்திக்காவது தாங்குமா என்று பார்ப்பார்கள். அதுவும் போனால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவில் வயர் இழுத்து, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் பிபிசி தமிழோசை கேட்பார்கள். சுற்றுகிறவன் மூச்சு வாங்கினால் செய்தியும் மூச்சு வாங்கும். அந்த அரை மணித்தியாலம் வீட்டில் ஒரு குஞ்சும் வாய் திறக்கக்கூடாது. காய்ந்த பற்றரியைத் தொட்ட பிள்ளைக்கு அடி. பட்ஸ் பெட்டியைத் தொட்ட தங்கச்சிக்கு இன்று இவன் போடும் சத்தம் எங்கேயிருந்து வந்ததென்று அப்பப்பாவுக்குத் தெரியாமல் இல்லை. அவர் அதை ஒத்துக்கொள்ளமாட்டார்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதால் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். வன்னியில் யாரும் ஆச்சரியப்படவில்லை. தென்னையில் குரும்பையும் தோட்டத்தில் சோளனும் குரங்குக்குக் கொடுத்துப் பழகியவர்கள், கரண்டையும் கொடுத்தார்கள். இவனுடைய பட்ஸ் பத்து மணிக்கே செத்திருந்தது. பெட்டியும் வெறும் பெட்டி. பவர் பாங்க் முல்லைத்தீவில் பெரியம்மாவிடம் பணயமாக இருந்தது.

வெறுங்காதோடு குசினிக்குள் வந்து நின்றான். தாய் சும்மா ஒரு பேச்சுக்கு, "அந்தத் தேங்காயைத் துருவன்" என்றா. துருவினான். மோட்டர் வேலை செய்யாதபடியால் கிணற்றில் வாளியால் தண்ணீர் அள்ளினான். கோழிக்கூட்டின் கதவுக்குப் பிணைச்சல் போட்டான். பிறகு அப்பப்பாவிடம் போய், "டைனமோ எத்தினை வோல்ட்?" என்று கேட்டான். 6 வோல்ட், 3 வாட் என்று அவர் இன்றைக்கும் மறக்கவில்லை. பெட்டிக்கு 5 வோல்ட்டில் அரை அம்பியர், 2.5 வாட் போதும். கிழவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாலு டயோட்டும் ஒரு கண்டென்சரும் இருந்தால் காணும், வேகமாய் மிதித்தால் வோல்ட் எகிறும், அதுக்கும் ஒண்டு போடோணும் என்று பின்னேரம்வரை கதைத்தார். டயோட் எடுக்கக் கடை திறக்கவில்லை. சைக்கிளுக்குச் செயினும் இல்லை.

அன்றைக்குத்தான் தாய்க்கு ஒரு விஷயம் விளங்கியது. பட்ஸ் பெட்டிக்குள் இருக்கும்போது பிள்ளை வீட்டில் இருக்கிறான்.

அதற்குப் பிறகு அவ பெட்டியை யாரும் தொட விடுவதில்லை. நல்ல பிளக் பொயின்ற்றை அதற்கென்றே ஒதுக்கிவிட்டா. 'டிக்' என்று மூடி மூடுகிற சத்தம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவா. அஸ்வெசும உதவித்தொகைப் படிவம் நிரப்ப வேண்டும். காஸ் முடிகிறது. கனடா மாமாவுக்கு ஒரு வாய்ஸ் போட வேண்டும். மில்லில் நெல்லுக் கிடக்கிறது. வீட்டின் அலுவல் முழுவதும் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் வரிசையில் நிற்கும். தகப்பனும் இப்போது வரிசைக்கு வந்துவிட்டார். ஒரு காது ஏறாத நாளில் மட்டும் பாதி அலுவல் நடக்கும், வெறுங்காதுப் பக்கமாய் நின்று சொல்ல வேண்டும்.

இந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. பழைய பட்ஸ் ஒருநாள் ஒரேயடியாகச் செத்துப்போனது. பத்து நிமிடம் சார்ஜ் போட்டால் இரண்டு மணித்தியாலம் பாடும் புதிய ரகம் வந்திருக்கிறதாம், அதுதான் வேண்டும் என்று நின்றான். பத்து நிமிடத்தில் அஸ்வெசும படிவத்தின் முதல் பக்கமே முடியாது. நானே வாங்கிக்கொண்டு வாறன் என்று தாய் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினா.

போன் கடையில் பெட்டி பெட்டியாய் எடுத்து வைத்தார்கள். எல்லாம் வேகம், அதிவேகம். ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைக்காரப் பொடியனிடம் குனிந்து கேட்டா:

"தம்பி, உதில கொஞ்சம் ஆறுதலாச் சார்ஜ் ஏறுறது ஒண்டு இருக்கோ?"

பொடியனுக்கும் ஒரு காதில் வெள்ளை.

"ஓம் அம்மா, கறுப்பிலயும் இருக்கு" என்றான்.