குழாய் முனையின் ஜாதகம்

கிரஹாம் கிரீன் 1958இல் எழுதிய ‘அவர் மேன் இன் ஹவானா’ நாவலில், ஹவானாவில் வேக்குவம் கிளீனர் விற்கும் வோர்மோல்ட் என்பவர் வேண்டாவெறுப்பாக பிரிட்டிஷ் உளவாளி ஆகிறார். அனுப்ப ரகசியம் எதுவும் சிக்காததால், கடையில் இருக்கும் எந்திரத்தின் பாகங்களைப் பிரம்மாண்டமாக வரைந்து லண்டனுக்கு அனுப்பிவிடுகிறார். ஏதோ பயங்கர ஆயுதம் என்று அங்கே அதிகாரிகள் ஆடிப்போகிறார்கள். படிப்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். பழைய வேக்குவம் கிளீனர் சேகரிப்பவருக்கு மட்டும் அந்த அதிகாரிகள் மேல் அனுதாபம்தான் வரும்.

ஏனென்றால் அவர் கையிலும் அப்படித்தான் ஏதோ ஒன்று இருக்கிறது. மோட்டார் கருகினால் எந்திரம் குப்பைக்குப் போகும். கூடவே வந்த இணைப்புகளின் பெட்டியோ அலமாரியில் அப்படியே கிடக்கும். தாத்தா போன பிறகு அமெரிக்க வீடுகளில் நடக்கும் சாமான் விற்பனையில் அது வெளியே வரும். விற்கும் பேரனிடம் “இது எதற்கு?” என்று கேட்டால், அவன் அதே கேள்வியை இவரிடம் திருப்பிக் கேட்பான்.

சில இணைப்புகள் சாது. நீளமாகச் சப்பையாக இருப்பது சோபா இடுக்குகளுக்கு. வட்டமாகக் குதிரைமுடி பதித்தது விளக்கு, புத்தகம் மேல் படிந்த தூசிக்கு. அகலமானது கம்பளத்துக்கு.

மூடியோடு வரும் கண்ணாடி ஜாடியில்தான் வம்பு ஆரம்பிக்கிறது. அது ஊறுகாய்க்கு அல்ல, பெயின்ட் அடிக்க! உருளை வடிவ எந்திரங்கள் பலவற்றில், காற்றை உறிஞ்சும் முனையில் இருக்கும் குழாயைக் கழற்றி, காற்று வெளியேறும் முனையில் மாட்டலாம். அந்த வேகத்தில் பெயின்ட் தூறலாகப் பீய்ச்சும். அதே வழியில் பூச்சிமருந்துப் படிகத்தின் ஆவியைக் கம்பளித் துணிகளுக்குள் செலுத்தவும் தனி இணைப்பு உண்டு. கிர்பி நிறுவனமோ கத்தி தீட்டவும் பாத்திரம் மெருகேற்றவும்கூட இணைப்பு விற்றது. பெருக்க வந்த எந்திரம் அந்த வீட்டில் பெருக்குவதைத் தவிர எல்லாம் செய்திருக்கும்.

ஆகவே அனுபவசாலி முகத்தைப் பார்க்க மாட்டார், ஜாதகம்தான் பார்ப்பார். முதல் பொருத்தம் வாய் அளவு. அமெரிக்க எந்திரங்கள் பலவற்றுக்கு ஒன்றேகால் அங்குலம், அதாவது சுமார் 32 மில்லிமீட்டர். 35 மில்லிமீட்டர் வாய் உள்ளவையும் உண்டு. நடுவில் இருக்கும் அந்த 3 மில்லிமீட்டரை இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிப்பவர்களை இவர் மனிதர்களில் சேர்ப்பதில்லை.

அடுத்தது காப்புரிமை எண். அமெரிக்காவில் இருபது லட்சமாவது காப்புரிமை 1935இலும், முப்பது லட்சமாவது 1961இலும் வழங்கப்பட்டன. எனவே ஏழு இலக்க எண் 2இல் தொடங்கினால், அந்தப் பாகம் 1935க்கு முந்தையது அல்ல என்று அடித்துச் சொல்லலாம். எண்ணுக்குப் பதிலாக ‘காப்புரிமை நிலுவையில்’ என்று மட்டும் பொறித்திருந்தால், பூதக்கண்ணாடியை உறையில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகலாம்.

இத்தனையும் பார்த்து, ‘இது லுரெல் கில்ட் வடிவமைத்த 1937ஆம் வருட எலெக்ட்ரோலக்ஸ் மாடலின் தரை பிரஷ்’ என்று ஒருவழியாகத் தீர்ப்பாகிறது. பிரஷ்ஷை மாட்ட எந்திரம் வேண்டுமே? தேடிப் பிடித்து, பிரஷ்ஷைப்போல் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார். எந்திரம் வந்து சேர்கிறது. அதன் பெட்டியில் தரை பிரஷ் பத்திரமாக இருக்கிறது.