மதுரையா, சிதம்பரமா?

"உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். மீனாட்சி ஆட்சியைத் தேடி மதுரை வரை போவானேன்? எங்கள் புதுச்சேரியிலேயே துய்ப்ளே குடும்பம் இருந்ததே!

கடற்கரைச் சாலையின் தென்கோடியில் சிலையாக நிற்கிறாரே, அவர்தான். 1742-இல் இங்கே பிரெஞ்சுக் கவர்னர் ஆனவர். சென்னைப்பட்டணத்தையே இங்கிலீஷ்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்காமல் ஏறக்குறைய மூன்று வருஷம் இழுத்தடித்தவர். அப்பேர்ப்பட்ட துரையின் வீட்டு நிலவரம் தெரிய வேண்டுமானால் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்ட வேண்டும். எந்தக் காரியத்திலும் துரையின் மனைவி, மதாம், தலையிடுகிறாள் என்று மனுஷர் புலம்பித் தீர்த்திருக்கிறார். மதாம் ழான் பிறந்தது இதே ஊரில். தமிழ் பேசுவார். எஜமானியம்மாளே ஊராரிடம் நேராகப் பேசிவிட்டால் துபாஷிக்கு அங்கே என்ன வேலை?

பிள்ளையின் வயிற்றெரிச்சல் எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டில் விளங்கியது. வஞ்சிரத்தைத் தொட்டுப் பார்த்து, அனுபவசாலி மாதிரி, "கிலோ என்னம்மா?" என்றேன். மீன்காரம்மா என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அக்கா வரலியா?"

"வரல."

"அப்ப போனைப் போடுண்ணே."

போட்டேன். வீடியோவில் வீட்டம்மா வந்தாள். "ஏங்க, செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க." நான் வாயைத் திறப்பதற்குள் செவுள் திறந்துவிட்டது. "செவப்பாத்தான் இருக்கு, பாருக்கா!" அப்புறம் விலை, துண்டின் கனம், தலை யாருக்கு என்பது வரை இருவருமே பேசி முடித்தார்கள். நடுவில் ஒரே ஒரு முறை என்னைக் கலந்தாலோசித்தார்கள்: "கையை ஆட்டாம புடிண்ணே, அக்கா மொகம் தெரியல."

ரோஷம் வரவில்லையா என்கிறீர்களா? போன மாசம் வந்தது. சொந்த அதிகாரத்தில் கானாங்கெளுத்தி வாங்கி வந்தேன். குழம்பு கொதித்தபோது பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. அன்றோடு ரோஷத்தை ஒத்திவைத்துவிட்டேன்.

பிள்ளை கெட்டிக்காரர். 1736 முதல் 1761 வரை மனக்குறையை எல்லாம் எழுதி வீட்டோடு வைத்துக்கொண்டார். அவர் கண்ணை மூடி 85 வருஷம் கழித்து, 1846-இல்தான் அது ஊருக்குத் தெரிந்தது. நானோ பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

ஆகவே, கல்யாணமான சகோதரர்களே, மீன் வாங்கக் கிளம்பும்போது பையை மறந்தாலும் பரவாயில்லை, அங்கேயே கிடைக்கும். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.